நீங்க எந்த மூணு?

(சேலம் அம்மாபேட்டை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே தட்டுவடை செட்டு வண்டி.)

வாத்தியார்: ஆறு பேர் உட்கார்ந்தாங்க சரசக்கா. மூணுக்கு மூணு. முடிவே வரலை.

சரசக்கா: அது எப்பவும் நடக்கிறதுதானுங்க. செப்டிக் டேங்க் வழிஞ்சு என் வாசல் வரைக்கும் வந்தாச்சு.

வாத்தியார்: தலைவருக்கு 77 வயசு. காது வேற மந்தம்.

சரசக்கா: நம்மாளுக்கு நல்லாக் கேக்கும். காசுன்னு சொன்னா மட்டும் மந்தம்.

வாத்தியார்: அக்கா, நான் ஜப்பானைச் சொல்றேன்! பிரதமர் சுசுகி. 1945 ஆகஸ்ட் 9. ஹிரோஷிமாவுல குண்டு விழுந்து மூணு நாள் ஆச்சு. அன்னிக்கு ரஷ்யாக்காரனும் ஜப்பான் பிடியில இருந்த மஞ்சூரியாவுக்குள்ள புகுந்துட்டான். சரணடையலாமான்னு, போரை நடத்துற அந்த ஆறு பேர் கூட்டம்.

சரசக்கா: இதுல பேச என்னங்க இருக்கு?

வாத்தியார்: பேரரசர் பதவிக்கு ஆபத்து வராம இருந்தாப் போதும்னு மூணு பேர். மத்த மூணு பேருக்கு இன்னும் மூணு நிபந்தனை. எங்க மண்ணுல அந்நியப் படை நிக்கக்கூடாது, ஆயுதத்தை நாங்களே களைவோம், போர்க் குற்றத்தை நாங்களே விசாரிப்போம்.

சரசக்கா: கணக்கை நாங்களே ஆடிட் பண்ணிக்கறோம்னு நம்ம செயலாளர் சொன்னாரே, அதுங்களா?

வாத்தியார்: கூட்டம் நடக்கும்போதே நாகசாகியில குண்டு விழுந்த சேதி வருது.

சரசக்கா: அப்பவாவது?

வாத்தியார்: மூணுக்கு மூணு.

சரசக்கா: அந்த ஆறு பேருல ஒருத்தர் வீடாவது நாகசாகியில இருந்துச்சுங்களா?

வாத்தியார்: (வெங்காயத்தை மட்டும் பொறுக்கியபடி) ...

சரசக்கா: இங்கயும் கமிட்டி ஆறு பேரும் மாடிலதான் இருக்காங்க.

வாத்தியார்: நடுராத்திரி, அரண்மனை பதுங்கறை. கடைசியில சுசுகி எழுந்து, நீங்களே சொல்லுங்கன்னு பேரரசர்கிட்ட விட்டுட்டார். அவர் சரணடையலாம்னார். அப்புறம் அமெரிக்கா பதில் வந்ததும் மறுபடி இழுபறி. 14-ந்தேதி மறுபடி அவரே சொல்ல வேண்டியதாப் போச்சு. 15-ந்தேதி ரேடியோவுல பேசினார். தோத்துட்டோம்னு ஒரு வார்த்தை இல்லை! போர் நிலவரம் நமக்குச் சாதகமா அமையலைங்கிற மாதிரி சுத்தி வளைச்சுச் சொன்னார்.

சரசக்கா: நம்ம நோட்டீஸ் போர்டைப் பார்த்தீங்களா? 'கீழ்த்தளத்தில் சற்று ஈரப்பதம் காணப்படுகிறது.'

(செட்டின் மேல் பீட்ரூட் துருவலைக் கொஞ்சம் குறைத்தே போடுகிறார்.)

சரசக்கா: சரி, கமிட்டியில நீங்களும் ஒருத்தர்தானே. நீங்க எந்த மூணு?

வாத்தியார்: அன்னிக்கு நான் ஏற்காடு போயிருந்தேனுங்க.