பாண்டி வரை போக வேண்டாம், ஆலம்பரையோடு திரும்புங்கள்

காலையில் கிளம்பி ஈசிஆர் வழியாகப் பாண்டிச்சேரி போய் அன்றைக்கே சென்னை திரும்புவதைக் கடலோரப் பயணம் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம். போக 150, வர 150 கிலோமீட்டர். வழியில் பெரும்பாலும் கண்ணில் படுவது காம்பவுண்டுச் சுவரும் ரிசார்ட் போர்டும் சவுக்குத் தோப்பும்தான். கடல் பக்கத்திலேயே இருக்கும், ரோட்டிலிருந்து தெரியாது. தண்ணீர் தாராளமாகத் தெரிகிற முட்டுக்காட்டில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. கடல் வேண்டுமென்றால் சின்னச் சின்ன ஊர்ப் பாதைகளில் இறங்கி ஏறத்தான் வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அதனால் கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டையோடு திரும்பிவிடுங்கள். திருவான்மியூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு அது போதும்.

பலரும் கவனிக்காத ஒன்று: தெற்கே போகும்போது கடல் நம் இடது கைப் பக்கம். எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கலாம், திரும்பலாம். வரும்போது கடல் வலது பக்கம் போய்விடும். மீடியனில் இடைவெளி தேடி யூ டர்ன் போட்டு, எதிரே வேகமாக வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். எனவே நிறுத்தங்கள் அத்தனையும் போகும்போதே முடியட்டும். வெயிலும் அப்படித்தான். காலையில் கிழக்கு இடது பக்கம், மதியத்துக்கு மேல் திரும்பினால் மேற்கும் இடது பக்கம். இடது சீட்டில் இருப்பவர் இரண்டு வேளையும் காய்வார். பாட்டியை டிரைவருக்குப் பின்னால் உட்கார வையுங்கள்.

ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். உத்தண்டி டோலுக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் ராத்திரியே பார்த்துவிடுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஆறு மணிக்குத் திறந்துவிடும். கிழக்கு பார்த்த கோயில், அதனால் முகப்பில் நேராக வெயில் விழுவது காலையில் மட்டும். டூரிஸ்ட் பஸ்கள் வந்து சேர்வதற்குள் பார்த்துவிடலாம். அதே டிக்கெட்டில் ஐந்து ரதமும் உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது. உள்ளே இருக்கும் கல்லறைப் பலகைகளின் செதுக்கு வேலைக்காகவே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் ஆலம்பரை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப் போட்ட செங்கல் கோட்டை. மிச்சம் இருந்ததையும் 2004 சுனாமி பதம் பார்த்தது. மதில் மேல் ஏறினால் உப்பங்கழி, அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். மூன்றும் அடுக்கடுக்காகத் தெரியும். செங்கல் உதிர்கிறது, குழந்தைகளை மதிலில் ஓட விடாதீர்கள். ஒதுங்க நிழல் கிடையாது. 11 மணிக்குள் பார்த்து முடிப்பது நல்லது.

மரக்காணம் உப்பளம் வரை நீட்டலாமா என்றால், பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் பாத்தி முழுக்க மழைத்தண்ணீர்தான். வெயில் ஏறும் மாதங்களில்தான் உப்பு வாருவதைப் பார்க்க முடியும்.

பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் மணலில் கார் சிக்கித்தான். கடல் வரை போகலாம் என்று தோன்றும், கெட்டியான தரை முடிகிற இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். நம் கார்களில் முக்கால்வாசி முன் சக்கரத்தால் இழுப்பவை. பாரமும் முன்னால், இழுப்பும் முன்னால். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் குழிதான் ஆழமாகும். வண்டியின் வயிறு மணலில் படிந்துவிட்டால் பிறகு டிராக்டர் தேட வேண்டியதுதான். உடனே காலை எடுங்கள். எல்லோரும் இறங்குங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். சக்கரத்தை ஒட்டிய மணலைக் கையால் வாரி, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். அசையவில்லையா? முன் டயர் காற்றை 32-லிருந்து 20 பிஎஸ்ஐ-க்குக் குறைத்து, கால்மிதியைச் சக்கரத்துக்கு அடியில் செருகி மறுபடி முயலுங்கள். தார் ரோடு ஏறியதும் திரும்பக் காற்று நிரப்ப வேண்டும் என்பதால் சிகரெட் லைட்டரில் செருகும் பம்ப் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

குளிக்க இறங்குபவர்களுக்கு: இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து, நடுவில் மட்டும் அடங்கிக் கிடக்கிற இடம் பாதுகாப்பானது போலத் தெரியும். தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவது அந்த வழியாகத்தான். அங்கே காலே வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு மணிக்குள் கோவளத்தைத் தாண்டிவிடுங்கள். தாமதமாகிவிட்டால் கோவளத்திலேயே இடது பக்கம் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக ஓஎம்ஆர் பிடித்து வரலாம். அங்கேயும் நெரிசல் உண்டு, ஆனால் அக்கரை சிக்னலில் நிற்பதற்கு அது மேல்.

வீடு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். உப்பு ஒட்டுவது அடியில். மறுநாளே வீல் ஆர்ச், சைலன்சர், அடித்தகடு மூன்றிலும் நல்ல தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.