பிரேக்கை டைட் பண்ணிடுங்க

சார்: அண்ணா, பிரேக்கே பிடிக்கல. லேசா டைட் பண்ணிடுங்க. பத்து நிமிஷத்துல கிளம்பணும்.

மெக்கானிக்: (சென்டர் ஸ்டாண்டு போட்டு, குனிந்து) பின்னாடி சுத்தமா மொட்டை சார்.

சார்: (பின்மண்டையைத் தடவி) பின்னாடியா? முன்னாடி ஏறிக்கிட்டே போறது தெரியும். பின்னாடி யாருமே சொல்லலையேண்ணா.

மெக்கானிக்: யார் சொல்லுவாங்க? அவங்கவங்கதான் குனிஞ்சு பாக்கணும்.

சார்: குனிஞ்சா எப்படித் தெரியும்? ரெண்டு கண்ணாடி வேணுமே.

மெக்கானிக்: கண்ணாடி எதுக்கு? விரல் வெச்சுத் தடவினாலே தெரியும். நடுவுல மொத்தமும் போயிடுச்சு. ரெண்டு ஓரத்துலயும் மட்டும் முடி அப்படியே இருக்கு.

சார்: எங்கப்பாவுக்கும் இப்படித்தான். காதோரம் மட்டும்தான் இருக்கும்.

மெக்கானிக்: அப்பா ஓட்டின வண்டியா இது?

சார்: இல்லண்ணா, பரம்பரையா வர்றது.

மெக்கானிக்: இது என்ன நெலமா, பரம்பரையா வர? காத்து ஓவரா வெச்சு, வளையாம நேர் ரோட்டுலயே ஓட்டினா நடுவுலதான் போவும்.

சார்: காத்து போகாததாலதான் கொட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு. ஹெல்மெட் வேர்வையாம். சீரம் எழுதிக் குடுத்திருக்காரு. மாசம் 1800 ரூபா.

மெக்கானிக்: (நிமிர்ந்து, முதல் தடவையாக அவர் தலையைப் பார்த்து) சார், நான் டயரச் சொன்னேன்.

சார்: ஓ.

மெக்கானிக்: 1800 ரூபாய்க்கு உங்க வண்டிக்குப் பின் டயரே வந்துடும். அதுல ரப்பர் முடி அன்னிக்கே இருக்கும். புது டயர் முடியோடதான் வரும்.

சார்: டயர் நல்லாத்தானே இருக்கு? பளபளன்னு இருக்கு பாருங்க. நேத்துதான் வாட்டர் வாஷ் விட்டேன்.

மெக்கானிக்: பாலிஷ் அடிச்சாங்களா?

சார்: எக்ஸ்ட்ரா 30 ரூபா குடுத்து அடிக்கச் சொன்னேன்.

மெக்கானிக்: 30 ரூபா குடுத்து வழுக்கறதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. காருக்கு சைடுல அடிச்சா பரவால்ல, காரு படுத்துத் திரும்பாது. பைக்கு சாய்ஞ்சுதான் திரும்பும், சாய்ஞ்சா அந்த ஓரம்தான் ரோட்டுல படும். அதுல போய் எண்ணெய் மாதிரி ஒண்ண பூசிட்டு, மழையில சாய்ச்சுத் திருப்பினா என்னாவும்? சில எடத்துல அடியில டீசல் வேற அடிப்பாங்க, துரு பிடிக்காதுன்னு. அதுவும் டயர்ல ஒழுகும். சோப்புத் தண்ணி போட்டு பிரஷ்ல தேய்ச்சாத்தான் போவும்.

சார்: சரிண்ணா. பிரேக்க மட்டும் டைட் பண்ணிடுங்க.

மெக்கானிக்: எங்க வழுக்குச்சு?

சார்: வடபழனி சிக்னல் தாண்டி, மெட்ரோ வேலை நடக்குதுல்ல? ரோட்டுல இரும்பு பிளேட்டு போட்டு வெச்சிருக்கான். அது மேல போகும்போது முன்னாடி ஆட்டோக்காரன் நின்னான். ஏறி மிதிச்சேன். பின்பக்கம் அப்படியே விசிறி மாதிரி வந்துடுச்சு.

மெக்கானிக்: பிரேக் பிடிக்கலன்னீங்க?

சார்: ஆமா, பிடிக்கலையே. வழுக்கிடுச்சே.

மெக்கானிக்: பிடிக்காத பிரேக்கு வழுக்காது சார். நேராப் போய் ஆட்டோவுல சொருவியிருப்பீங்க. பிடிச்சுதுன்னாதான் வீல் நிக்கும், வீல் நின்னாதான் வண்டி இழுத்துக்கினு போவும். பிரேக்கு வீல நிறுத்தும், அவ்ளோதான் அதோட வேலை. வண்டிய நிறுத்தறது டயரு.

சார்: அப்ப இன்னும் கொஞ்சம் டைட் பண்ணா சீக்கிரம் நிக்குமில்ல?

மெக்கானிக்: (மூச்சு விட்டு) முன் பிரேக்க பிடிச்சீங்களா?

சார்: முன் பிரேக்கா? குப்புற விழுந்துடுவோம்ணா. மாமா சொல்லியிருக்காரு.

மெக்கானிக்: மாமா என்ன ஓட்டறாரு?

சார்: கார்.

மெக்கானிக்: நல்லது. பிரேக் பிடிச்சா வெயிட்டு முன்வீலுக்குப் போவும், பின்வீல் லேசாயிடும். நிறுத்தற வேலையில பாதிக்கு மேல முன்னாடிதான் நடக்குது. லேசான வீல மட்டும் ஏறி மிதிச்சா அது நின்னு இழுக்காம என்ன பண்ணும்? மழையில ரெண்டு பிரேக்கும் சேத்து, மெதுவா ஏத்திக்கினே போவணும். ரெண்டு விரல்ல லீவர இழுங்க, ஈரத் துணி பிழியற மாதிரி. வெடுக்குன்னு பிடிச்சாத்தான் மாமா சொன்னது நடக்கும்.

சார்: எனக்குக் கிளட்ச்சுதான் முதல்ல கைக்கு வருது.

மெக்கானிக்: எல்லாருக்கும் அதான் வருது. கிளட்ச்ச பிடிச்சா இன்ஜின் கையக் கழட்டி வுட்டுடும். ஆக்ஸிலேட்டர வுட்டாலே இன்ஜின் கொஞ்சம் வேகத்த இழுத்துப் பிடிச்சிருக்கும், அந்த உதவியும் போச்சு. நிக்கப் போற கடைசி ரெண்டு அடிக்குத்தான் கிளட்ச்சு. அப்புறம் அந்த பிளேட்டு மேல பிரேக்கே வேணாம். இரும்பு, ஜீப்ரா கிராசிங் பெயிண்ட்டு, மூடி போட்ட மேன்ஹோல், மேம்பாலத்து ஜாயிண்ட்டு, இது நாலும் ஒரே ஜாதி. ஏறுறதுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சுட்டு, ஹேண்டில நேரா வெச்சு, ஆக்ஸிலேட்டர ஏத்தாம இறக்காம தாண்டிடணும். திரும்பறதா இருந்தா தாண்டினப்புறம் திரும்புங்க.

சார்: ஆனா எனக்கு சிபிஎஸ் இருக்கே. ஏபிஎஸ் மாதிரிதானே?

மெக்கானிக்: ரெண்டுலயும் பிஎஸ் இருக்கு. அவ்ளோதான் சொந்தம். ஏபிஎஸ் வீல நிக்க வுடாம வுட்டு வுட்டுப் பிடிக்கும். 125 சிசிக்கு மேல போறதுக்கு அத 2019 ஏப்ரல்லருந்து கட்டாயமாக்கினாங்க. உங்களுது பின் பிரேக்க மிதிச்சா முன்னாடியும் கொஞ்சம் பிடிச்சு வுடும். ஏறி மிதிச்சா அதுவும் சேந்து வழுக்கும்.

சார்: இன்னொண்ணுண்ணா. பிளேட்டுக்கு முன்னாடி ஒரு தடவ மிதிச்சப்போ சத்தியமா பிடிக்கல. அதான் அடுத்த தடவ ஏறி மிதிச்சேன்.

மெக்கானிக்: எந்த வழியா வந்தீங்க?

சார்: தி. நகர்லருந்து. துரைசாமி சப்வே. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ தண்ணி. ஃபர்ஸ்ட் கியர்லயே விடாம ஓட்டிட்டேன்.

மெக்கானிக்: அது ஒண்ணாவது ஒழுங்காப் பண்ணீங்க. டிரம் பிரேக்கு சார் இது, உள்ள தண்ணி போயிடுச்சு. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல தண்ணி நின்னா மொதல்ல பிடிக்காது, கொஞ்சம் காஞ்சதும் திடீர்னு கவ்வும். தண்ணிய வுட்டு வெளிய வந்ததும் பின்னாடி யாரும் ஒட்டிக்கினு வரலன்னு பாத்துட்டு, மெதுவாப் போய்க்கினே ரெண்டு பிரேக்கையும் லேசா அழுத்தி அழுத்தி வுடுங்க. சூட்டுல காஞ்சுடும். அப்பால வேகம் எடுங்க.

சார்: புரியுதுண்ணா. அப்ப டைட் பண்ண வேணாமா?

மெக்கானிக்: (பின்வீலைக் கையால் சுற்றுகிறார், அது அரைச் சுற்றில் முனகி நிற்கிறது) ஏற்கெனவே யார் டைட் பண்ணது?

சார்: வாட்டர் வாஷ் பையன். நான்தான் சொன்னேன்.

மெக்கானிக்: அவன் நேத்து, நான் இன்னிக்கு. நாளைக்கு யாருகிட்ட சொல்லுவீங்க? வெல்டிங் கடையிலயா?

சார்: சரி, டயர்க்கே வருவோம். வாங்கி ரொம்ப நாளாகலண்ணா. பாருங்க, சைடுல ரேட்டு கூடப் போட்டிருக்கு. 2319. ஆனா எனக்கு 1500-க்குக் குடுத்தான், டிஸ்கவுண்ட்டு.

மெக்கானிக்: அது ரேட்டு இல்ல சார், பிறந்த நாள். 2019-ல 23-வது வாரம். நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே அது பள்ளிக்கூடம் சேந்திருக்கும். அதான் டிஸ்கவுண்ட்டு.

சார்: பள்ளிக்கூடமா?

மெக்கானிக்: ரப்பர் வயசாச்சுன்னா கெட்டியாயிடும். நகத்த வெச்சு அழுத்துங்க, எறங்குதா? எறங்காது. கெட்டி ரப்பர் ஈர ரோட்டப் பிடிக்காது. இங்க பாருங்க, டி, டபிள்யூ, ஐ.

சார்: அது கம்பெனி பேரா?

மெக்கானிக்: தேய்மானக் குறி. அந்த எழுத்துக்கு நேரா பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும். மேல்ரப்பரும் மேடும் ஒரே மட்டத்துக்கு வந்தா டயரு முடிஞ்சுது. டூ வீலர்னா 0.8 மில்லிமீட்டர்தான் சட்டத்துல கடைசி. மழைக் காலத்துல அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. பள்ளம் எதுக்கு? டயருக்கு அடியில மாட்டற தண்ணிய வெளிய தள்ள. பள்ளமே இல்லன்னா தண்ணி எங்க போவும்? தி. நகர்ல போற மாதிரி அங்கயே நிக்கும்.

சார்: வீடியோல ஒருத்தன் சொன்னான், மழைக்குக் காத்தக் கொறைச்சுட்டா கிரிப்பு வரும்னு.

மெக்கானிக்: கொறைச்சா பள்ளம் நசுங்கி மூடிக்கும், திருப்பத்துல வண்டி துணி மாதிரி நெளியும். செயின் கவர்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதுல முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோ, ரெண்டு பேர் உக்காந்தா எவ்ளோன்னு போட்டிருக்கு. வெயிலுக்கும் அதான், மழைக்கும் அதான். வண்டி ஓடிச் சூடாகறதுக்கு முன்னாடி புடிக்கணும். பின்னாடி யார் உக்காருவாங்க?

சார்: ஒய்ஃப். அவங்கதான் குடை பிடிப்பாங்க.

மெக்கானிக்: ஓடற வண்டியிலயா?

சார்: எனக்கும் சேத்துதான்.

மெக்கானிக்: (சற்று நேரம் ஸ்பானரையே பார்க்கிறார்) காத்து அடிச்சா அந்தக் குடை அம்மாவப் பின்னாடி இழுக்கும். நீங்க முன்னாடி போவீங்க. வண்டி எந்தப் பக்கம் போவும்னு நெனைக்கிறீங்க? மழைக்கோட்டு பேண்ட்டு ரெண்டு செட் வாங்குங்க. தொளதொளன்னு அங்கி மாதிரி வேணாம், நுனி செயின்ல மாட்டிக்கும்.

சார்: சரிண்ணா. பஜ்ஜி சாப்பிடறீங்களா? ஆர்டர் போட்டிருக்கேன். மழைக்கு நல்லா இருக்கும்.

மெக்கானிக்: கடை எதிர்லயே பஜ்ஜி போடறாங்க.

சார்: இறங்கி நடந்தா நனைஞ்சுடுவேனே. (ஃபோனைப் பார்த்து) மூணு நிமிஷம்னு காட்டுச்சு. பத்து நிமிஷமா அந்தப் பையன் ஒரே எடத்துல நிக்கறான். இவனுங்களுக்கெல்லாம் ஒரு ஸ்டார்தான் குடுக்கணும்.

மெக்கானிக்: எங்க நிக்கறான்?

சார்: வடபழனி சிக்னல் தாண்டி...

மெக்கானிக்: பிளேட்டுகிட்டயா?

சார்: ...

மெக்கானிக்: அவங்க வண்டியெல்லாம் நம்மகிட்டதான் வருது. உங்களுது மொட்டைன்னா அவங்களுதுல நூலே தெரியும். ஓடினாத்தான் காசு, டயர் மாத்தற அன்னிக்கு ஓட்டமும் கிடையாது. அவனுக்கு வழியில்ல சார். உங்களுக்கு சீரம் இருக்கு.

சார்: ஃபோன் பண்ணி மெதுவா வரச் சொல்லட்டுமா?

மெக்கானிக்: வேணாம். ஓட்டிக்கினே எடுப்பான்.

(சார் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறார். மழை கொஞ்சம் வலுக்கிறது.)

சார்: மாத்திடுங்கண்ணா. ரெண்டு டயரும்.

மெக்கானிக்: முன்னாடிதுல பள்ளம் இருக்கு, வருஷமும் புதுசு. சோப்பு போட்டுக் கழுவித் தரேன். பின்னாடிது மட்டும் போதும். டியூபும் புதுசு போட்டுடலாம், பழசு இழுபட்டிருக்கும், உள்ள மடிஞ்சு பஞ்சராவும்.

சார்: புது டயர் போட்டா வழுக்கவே வழுக்காதுல்ல?

மெக்கானிக்: மொதல் 100, 150 கிலோமீட்டருக்கு இன்னும் வழுக்கும். மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேயணும். சாய்ச்சு ஓட்டாதீங்க, வெடுக்குன்னு பிரேக் வேணாம். சிக்னல்ல லேன் நடுவுல நிக்காதீங்க, வண்டிங்க ஆயில் சொட்டின எடம் அது, தூறல் விழுந்ததும் மேல மிதக்கும். முன்னாடி போற காரோட டயர் தடத்துலயே போங்க. அங்க தண்ணி கம்மி, குழி இருந்தா அவன் மொதல்ல விழுவான்.

(முக்கால் மணி நேரம். பஜ்ஜி வந்தது, ஆறிப்போய். சார் ஐந்து ஸ்டார் கொடுத்தார். பையனை உட்காரச் சொன்னார், அவனுக்கு அடுத்த ஆர்டர் இருந்தது.)

சார்: (கிளம்பத் தயாராகி, பின்வீலைத் தடவி) ஆமாண்ணா, முடி இருக்கு.

மெக்கானிக்: தடவிக்கினே நிக்காதீங்க, கொட்டிடும்.

சார்: அப்ப பிரேக்கு?

மெக்கானிக்: லூஸ் பண்ணியிருக்கேன்.