மிச்சிகன் 1947: மாயாஜாலமா, வேலைப் பிரிவினையா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிப் பேச்சு வந்தால் 1947 மிச்சிகன் பல்கலைக்கழக அணியை "மேட் மெஜிஷியன்ஸ்" (பைத்தியக்கார மாயவித்தைக்காரர்கள்) என்று சொல்லி முடித்துவிடுவார்கள். (நாம் காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது.) பத்து ஆட்டம், பத்திலும் வெற்றி. எடுத்த புள்ளிகள் 394, கொடுத்தது 53. பந்து யார் கையில் என்று எதிரணிக்குத் தெரியாது என்பதால் அந்தப் பட்டப்பெயர். பெயர் பொருத்தம்தான். ஆனால் அந்த வித்தையைப் பழக நேரம் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் ஆடவைத்தது சிங்கிள் விங், அதாவது தாக்கும்போது வீரர்கள் நிற்கும் ஒரு பழைய அமைப்பு. இன்று குவார்ட்டர்பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர். சிங்கிள் விங்கில் அவர் பெரும்பாலும் முன்னால் நின்று தடுத்து வழிவிடும் ஆள்; ஹோவர்ட் யெர்ஜஸ் அந்த இடத்தில் இருந்தார். முன்வரிசையில் குனிந்து நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் எறிவார். நாலைந்து கஜம் தள்ளி நிற்கும் டெயில்பேக் பாப் சாப்பியஸோ ஃபுல்பேக் ஜாக் வைசன்பர்கரோ அதை வாங்குவார்கள். விங்பேக் பம்ப் எலியட் வரிசையின் ஓரத்தில்.

ஃபுல்பேக் சுழலும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை வாங்கியதும் அவர் எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்புவார். அந்த நொடியில் டெயில்பேக் அவரை உரசிக்கொண்டு ஓடுவார். சில ஆட்டங்களில் விங்பேக் எதிர்த்திசையிலிருந்து வருவார். கொடுக்கலாம், கொடுப்பதுபோல் காட்டலாம், முழுச் சுற்றும் முடித்துத் தானே நடுவில் பாயலாம். இன்னொன்று பக் லேட்டரல்: ஃபுல்பேக் வரிசையை நோக்கி ஓடிக்கொண்டே குவார்ட்டர்பேக்கிடம் பந்தைத் திணிப்பார், அவர் திரும்பி ஓரத்தில் ஓடுபவருக்குத் தள்ளிவிடுவார், அவர் அங்கிருந்து ஓடவோ எறியவோ செய்வார்.

கோலாட்டத்தில் ஒருவர் அடி பிந்தினால் வளையமே கலைவதுபோலத்தான் இதுவும். சென்டர் தலைகீழாகப் பார்த்து எறிவதால், நிமிர்வதற்குள் எதிராளி அவர்மேல் விழுந்துவிடுவான். எறி அரை கஜம் விலகினாலும் சுழற்சி தாமதம். முதுகைக் காட்டி நிற்கும் ஃபுல்பேக்குக்கு உடைத்துக்கொண்டு வருபவன் தெரியமாட்டான், பந்து நழுவும். எல்லாவற்றையும்விட மோசம், வெறுங்கையோடு ஓடுபவர் சோம்பேறித்தனமாக ஓடுவது. பந்து இருப்பவரைப்போலவே அவரும் குனிந்து, முழு வேகத்தில் அடி வாங்கப் போகவேண்டும்.

இதைப் பழக மணிக்கணக்கு வேண்டும். அதே ஆள் தற்காப்பும் ஆடுவதென்றால் பயிற்சி நேரம் பாதியாகிவிடும். பழைய விதிப்படி வெளியேறியவர் ஆட்ட நேரத்தின் அதே நாலில் ஒரு பகுதியில் திரும்ப முடியாது. அதனால் எல்லோரும் இரண்டும் ஆடினார்கள். 1941-இல் அந்த விதி தளர்ந்தது. 1945-இல் பிளான்சர்ட், டேவிஸ் என்ற நட்சத்திர ஓட்டக்காரர்கள் இருந்த ராணுவ அகாடமி அணியைத் தன் இளம் பையன்களோடு சந்தித்த கிரைஸ்லர், தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தற்காப்புக்கு ஒரு கூட்டம் என்று பிரித்தார். 28-7 என்று தோற்றார். தோற்றாலும் பிரிவினையை விடவில்லை.

1947-இல் அது கனிந்தது. எலியட் போன்ற ஓரிருவர்தான் இரண்டு பக்கமும். ஜிம் பிரீஸ்கியின் வேலை டச்டவுனுக்குப் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) பிறகு கூடுதல் புள்ளிக்கான உதை. போருக்குப் போய்த் திரும்பியவர்களும் அணியில் இருந்தார்கள்; சாப்பியஸ் இத்தாலியில் சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுவீச்சு விமானத்திலிருந்து பிழைத்து, அங்குள்ளவர்கள் மறைத்துக் காப்பாற்ற ஊர் திரும்பியவர். தற்காப்பில் இருந்த டான் டுவோர்ஸ்கி பிற்காலத்தில் கட்டடக் கலைஞராகி, கிரைஸ்லர் பெயர் தாங்கிய உள்ளரங்கையே வடிவமைத்தார்.

எல்லாமே வாரிச் சுருட்டிய வெற்றி என்று நினைக்கவேண்டாம். பிட்ஸ்பர்க்கை 69-0 என்று நொறுக்கியவர்கள், மினசோட்டாவிடம் 13-6, இல்லினாய்ஸிடம் 14-7 என்றுதான் தப்பித்தார்கள். 1948 ஜனவரி 1, பருவம் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டமான ரோஸ் பவுலில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை 49-0. வைசன்பர்கர் மூன்று டச்டவுன், பிரீஸ்கி ஏழு உதை. 1902-இல் முதல் ரோஸ் பவுலில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை வென்றதும் இதே 49-0!

ஆனாலும் நாட்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுக்க அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நடத்தும் இறுதி வாக்கெடுப்பு இப்படிப்பட்ட பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்து, முதலிடம் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தது. அவர்கள் அதே தெற்கு கலிஃபோர்னியாவை வென்றது 38-7. பிறகு நடந்த சிறப்பு வாக்கெடுப்பில் மிச்சிகனுக்கு 226, நோட்டர் டேமுக்கு 119. அதிகாரப்பூர்வப் பட்டியல் மாறவில்லை. என் வாக்கு மிச்சிகனுக்கே, இருந்தாலும் நோட்டர் டேமும் தோற்காத அணிதான், திட்டவேண்டியதில்லை.

கிரைஸ்லர் அந்தப் பருவத்தோடு பயிற்சிப் பணியை விட்டு விளையாட்டு இயக்குநராக மட்டும் தொடர்ந்தார். இரட்டைக் கூட்டம் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. ஆள் அதிகம், உதவித்தொகை அதிகம், பயிற்சியாளர் அதிகம். சின்னக் கல்லூரிகளால் தாங்க முடியவில்லை. 1953-இல் விதியை இறுக்கி மறுபடி எல்லோரையும் இரண்டு பக்கமும் ஆடவைத்தார்கள். 1960-களின் நடுவில்தான் அந்தக் கட்டு முழுதாக அவிழ்ந்தது.