பெரியப்பாவின் மாத்திரையும் கஞ்சா மசோதாவும்

மருந்துக்காகவும் தொழிலுக்காகவும் கஞ்சாச் செடி வளர்க்க அனுமதிக்கலாம் என்று 2024 செப்டம்பரில் இமாச்சல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அந்தப் பேச்சு வந்தாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா, "நாடு உருப்பட்ட மாதிரிதான்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் கஞ்சா என்றால் கைது செய்தியும், பொட்டலங்களுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் பையன்களின் போட்டோவும்தான்.

எனக்கு மட்டும் பெரியப்பா நினைவு வரும். 2017-ல் அவருக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. டாக்டர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்; அபினிலிருந்து எடுப்பது. பெரம்பூரிலிருந்து புரசைவாக்கம் வரை ஆறு மெடிக்கல் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "இதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல தம்பி." கடைசியில் ஊரின் மறுகோடியில் ஒரு பாலியேட்டிவ் கேர் (வலி தணிப்புச் சிகிச்சை) மையத்தில் கிடைத்தது. ஒவ்வொன்றாக எண்ணி, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. பெரியம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் 6, 10, 2, 6, 10 என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, கொடுக்கக் கொடுக்க டிக் அடித்தார். இரண்டாம் நாள் ராத்திரி பெரியப்பா தூங்கினார். காலையில் ரசம் சாதம் கேட்டார்.

இத்தனைக்கும் 2014-லேயே என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 'அத்தியாவசியப் போதை மருந்து' என்று ஒரு வகையை உண்டாக்கி, மார்ஃபினுக்கு மாநிலத்துக்கு மாநிலம் இருந்த லைசென்ஸ் தொல்லையைக் குறைத்திருந்தார்கள். டெல்லியில் சட்டம் மாறியதை அந்த மெடிக்கல்காரரிடம் யாரும் சொல்லவில்லை போல.

அந்த வகையில் இன்னொரு மருந்தைச் சேர்க்கப் புதுச் சட்டம்கூட வேண்டாம், மத்திய அரசின் அறிவிக்கை போதும். மருத்துவத்துக்காகக் கஞ்சா பயிரிட அனுமதிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவில் மாநிலங்களுக்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற கணக்கில் எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டது. அதற்கப்புறம் இங்கே நோயாளிக்கு என்ன வந்தது?

அதற்காகக் கஞ்சா எண்ணெய் புற்றுநோய்க் கட்டியைக் கரைக்கும் என்று ஃபார்வர்ட் அனுப்புகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். கீமோ வாந்தி, குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்புகள், இந்த மாதிரி நாலைந்து இடங்களில்தான் கஞ்சா மருந்து நின்று பேசுகிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்து, அமெரிக்கா 2018-ல் அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்தும் வலிப்புக்குத்தான், குடித்தால் போதை ஏறாது. நம் ஊர்க் கூத்து வேறு. சட்டப்படி பூதான் கஞ்சா, தனி இலை கஞ்சாவில் சேராது. அதனால் இலைச்சாறு எண்ணெய் ஆயுர்வேத லைசென்ஸில் ஆன்லைனில் விற்கிறது. நியூராலஜிஸ்ட் அளவு சொல்லி எழுதித் தரவேண்டிய மருந்துக்குத்தான் சுலபமான வழியைக் காணோம்.

சரி, மசோதா என்று ஒன்று வந்தால் எத்தனை ஏக்கர், எத்தனை கோடி வருமானம் என்ற பக்கங்களை நான் தள்ளிவிடுவேன். பெரம்பூரில் எந்தக் கடையில் வைப்பார்கள், யார் எழுதிக் கொடுக்கலாம், வைத்திருக்கும் கடைக்காரரைப் போலீஸ் தொந்தரவு செய்யாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அதைத்தான் தேடுவேன்.