அந்தப் பிள்ளை முட்டை எடுத்ததில் என்ன குற்றம்?

முந்தாநாளிலிருந்து சுற்றுகிற அந்த வீடியோவை மறுபடியும் இங்கே போட மாட்டேன். அதில் இருப்பது ஒரு சின்னப் பிள்ளை. விருந்தாளியாக வந்தவர், வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகம் தெரிய எடுத்து ஏற்றிவிட்டார். அதற்குக் கீழே வந்த பேச்சுகள்தான் இன்னும் தாங்க முடியவில்லை. "லீவுலகூட விடமாட்டாங்களா", "குழந்தைத் தொழிலாளர் கேஸ் போடணும்", "பெத்தவளா இவ".

அந்தப் பிள்ளை செய்தது என்ன? மத்தியானம் சாளை, அதாவது தோட்டத்து வீட்டுத் திண்ணையில் இருந்த கோழிக்கூடையிலிருந்து முட்டையை எடுத்துச் சட்டியில் வைத்தாள். அவ்வளவுதான்.

உச்சி வேளையில் எதற்கு என்று கேட்கிறீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் சித்திரை வெயிலில் அடை வைக்க முட்டை சேர்ப்பவர்களுக்குக் காரணம் தெரியும். அந்தச் சூட்டில் கோழி அடைகாக்காமலே முட்டைக்குள் கரு வளர ஆரம்பித்துவிடும். ராத்திரி சூடு குறைந்ததும் பாதியில் செத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 21 நாள் கழித்துத்தான் கூமுட்டை என்று தெரியும். அதனால்தான் கோடையில் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் எடுக்க வேண்டும். மண்சட்டியில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டையை வைக்க வேண்டும். சட்டி நிழலில் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்தால் பொரிப்பது குறைந்துபோகும். அந்தப் பிள்ளை கூர்முனையைக் கீழே பார்த்துத்தான் வைத்தாள். வீடியோவில் நன்றாகத் தெரிகிறது. ஒருத்தர்கூட அதைக் கவனிக்கவில்லை.

சட்டம் பேசுகிறவர்களுக்குச் சட்டத்தையே சொல்கிறேன். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். அதே சட்டம், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில், பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. அதைச் சாக்காக வைத்து ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக ஒரு அம்மாவைக் கொலைகாரி மாதிரி பேசுவீர்களா?

கேட்க வேண்டிய கேள்விகள் வேறே. எந்த நேரம்? எவ்வளவு எடை? கையில் என்ன கருவி? இந்த மூன்றையும் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

கறவை மாடு ஒன்று கோடையில் நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் குடிக்கும், கொளுத்தும் வெயிலில் அதற்கு மேலும். அதைப் பிள்ளை குடத்தில் சுமந்தால் தப்பு. ஓசுக் குழாயைப் பிடித்துத் தொட்டியை நிரப்பினால் தப்பில்லை. ஆனால் வெயிலில் கிடந்த கருப்பு ஓசில் முதலில் வருவது கொதிதண்ணீர். அதைத் தென்னைப் பாத்தியில் விட்டுவிட்டு, கையில் பிடித்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகுதான் தொட்டியில் விட வேண்டும். சூட்டுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு நின்றுவிடும், சாயங்காலம் பால் குறையும். இதைப் பத்து வயதுப் பையன் கச்சிதமாகச் செய்வான்.

சொட்டுநீர் போட்ட தென்னந்தோப்பில் மாசியிலிருந்து வைகாசி வரை மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் போக வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பானால் சொட்டுவாயில் வெள்ளையாகப் பொரிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த அன்றே மரம் காட்டிக் கொடுக்காது, பிறகுதான் குரும்பை கொட்டும். காலை வெயில் ஏறுமுன் மரத்துக்கு மரம் ஈரம் பார்த்து, அடைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவைத்துவிட்டு வருவது பிள்ளைகள் வேலை. குழாயின் கடைசி மூடியைக் கழற்றி அழுக்குத் தண்ணீரை விடுவதும் அவர்களுக்குப் பிடித்த வேலைதான்.

பிள்ளைகள் மோட்டார் பெட்டியைத் தொடவே கூடாது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷின் பக்கம் போகக் கூடாது, அது தட்டோடு கையையும் இழுத்துக்கொள்ளும். பூச்சிமருந்து டேங்கைத் தூக்கக் கூடாது, காலி டேங்கைக் கழுவவும் கூடாது. பெரியவர்கள் இல்லாமல் கிணற்றில் இறங்கக் கூடாது. டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டுகிறவர்களை நீங்கள் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். அதை மட்டும் "கிராமத்துச் சந்தோஷம்" என்று லைக் போடுகிறீர்கள். முட்டை எடுத்தவளுக்குத்தான் வசவு!

"படிப்பு கெட்டுப்போகும்" என்றார் ஒருவர். மே மாதம் என்ன பள்ளிக்கூடம்? இதுவும் படிப்புதான். கோடை மழை ஒன்று பெய்ததும் அறுத்த சோளத்தட்டுக் கட்டையில் பச்சைப்பசேல் என்று துளிர்க்கும். தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளமும் அப்படித்தான். இரண்டிலும் சயனைடு நஞ்சு. மாடு மேய்ந்தால் நுரை தள்ளி, மூச்சு வாங்கி, உடம்பு நடுங்கி விழும். டாக்டர் வந்து ஊசி போடுவதற்குள் போய்விடலாம். பூவெடுத்த பிறகுதான் சோளத்தைப் பச்சையாகப் போட வேண்டும் என்று எங்கள் பக்கத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அப்பாரு (தாத்தா) ஒரு தரம் காட்டினால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. எத்தனை லட்சம் கட்டினால் இது வகுப்பில் கிடைக்கும்?

இன்னொருவர், "அம்மா உட்கார்ந்துகொண்டு பிள்ளையை ஏவுகிறாள்" என்று எழுதியிருந்தார். படித்தபோது வயிறு எரிந்தது. நாலு மணிக்கு எழுந்து மாட்டுக் கட்டுத்தரை கூட்டி, பால் பீய்ச்சி, பால் சொசைட்டி வண்டி வருமுன் கொண்டுபோய் ஊற்றி, சோறாக்கி, மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மடை மாற்றி, பட்டியில் ஆட்டுக்கு வெள்வேலங்காய் பொறுக்கிப் போட்டு, அந்த மத்தியானம் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டது.

இதே பிள்ளைகள் பெரியவர்களாகித் தோட்டத்திலேயே இருந்தால் என்ன நடக்கிறது? பையன் காடு பார்க்கிறான் என்றால் ஜாதகம்கூட வாங்க மாட்டேன் என்கிறார்கள். முப்பத்தைந்து தாண்டிய பையன்கள் ஊருக்கு நாலு பேர் நிற்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லை, கடன் இல்லை, பத்து உருப்படி மாடு, சொந்தத் தண்ணீர். பெண் மட்டும் இல்லை. பெண் தர மறுக்கும் அதே வீடுகள்தான் லீவு விட்டதும் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பி, நாட்டுக்கோழி முட்டையும் இளநீரும் வேண்டும் என்று கேட்கின்றன.

அந்த முட்டை எப்படி வருகிறது என்று காட்டினால் கேஸ் போடுவேன் என்கிறீர்கள். முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த அம்மா ரெண்டு நாளாகச் சொசைட்டிக்குக்கூட வரவில்லை.