போய் வாருங்கள், தோழர் சங்கரய்யா

சுதந்திரப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவருமான தோழர் என்.சங்கரய்யா மறைவு பற்றிய கட்டுரையைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. நூறு வயதைத் தாண்டிய நிறைவாழ்வுதான். ஆனாலும் எங்கள் மதுரைக்காரர்களுக்கு இது வீட்டுச் சாவு மாதிரி.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1941இல் அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. கடைசி ஆண்டு. தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது வெள்ளைக்காரப் போலீஸ் கைது செய்தது. பட்டம் அதோடு போச்சு. 82 வருஷம் கழித்து மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவெடுத்தால், ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. பட்டமளிப்பு விழா நடந்த அதே 2023 நவம்பரில், 15ஆம் தேதி, அவர் போயே விட்டார். இந்த வேதனை எனக்கு ஆறவே ஆறாது.

அவர் கட்சியின் எல்லா முடிவையும் நான் ஏற்றவன் இல்லை. ஆனால் 1967இல் மதுரை மேற்கு, பிறகு இரண்டு முறை மதுரை கிழக்கு என்று சட்டமன்றம் போன மனிதர், 2021இல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்தார். ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை!

கூட்டத்தில் அந்தக் கணீர்க் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கடைசி வரிசையில் டீ கிளாஸோடு நிற்பவனும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

பல்கலைக்கழகம் இனியாவது அந்தப் பட்டத்தை அவர் குடும்பத்திடம் கொடுக்கட்டும்.

செவ்வணக்கம், தோழரே.