வடக்கே போகத் தெற்கே ஓடிய காலமும் பலாலியும்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால் வரைபடம் ஒரு கணக்குச் சொல்லும், எங்கள் சனம் பட்ட பாடு வேறொரு கணக்குச் சொல்லும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியே ஏறக்குறைய 360 கிலோமீற்றர், கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 330 கிலோமீற்றர். அப்படிப் பார்த்தால் கொழும்பும் சென்னையும் எங்களுக்கு ஏறத்தாழ ஒரே தொலைவுதான்.

ஆனாலும் பலாலியில் சர்வதேச சேவை இல்லாதிருந்த காலத்தில், வடக்கே இருக்கும் சென்னைக்குப் போக வேண்டியவர் முதலில் தெற்கே, கொழும்பின் சர்வதேச விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஓட வேண்டியிருந்தது. ஏ9 வீதியால் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா கடந்து, மதவாச்சியில் திரும்பி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து, விமான நிலையத்தில் மேலும் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவான பறப்பில் வந்த திசைக்கே திரும்புவதுதான் அன்றைய பயணம். சிகிச்சைக்காக என் அம்மாவை அப்படிக் கூட்டிச் சென்றபோது, ஸ்கான் படங்கள் இருந்த பையை மடியில் வைத்தபடி, வீங்கிய காலை நீட்ட இடமில்லாமல் அவர் விடியும்வரை கண் மூடவேயில்லை.

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் வழி திறந்தது. திருச்சி வான்வழியே 185 கிலோமீற்றர் அளவுதான், வீதியால் அநுராதபுரம் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவே.

கட்டணம் அதிகம், விமானம் சிறியது என்று குறை சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. எழுபது பேரளவில் ஏறும் ஏடிஆர் விமானத்தில் பயணப்பொதிக்கும் கட்டுப்பாடு உண்டு. பறப்பு நேரத்தை மட்டும் வைத்துப் பேசுவதும் சரியல்ல, பலாலிக்கு நேரத்தோடு போய்க் காத்திருக்க வேண்டும், சென்னையில் இறங்கிய பின்னும் குடிவரவு வரிசை, நகர நெரிசல் எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் சேர்த்து வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டாலும் ஒரு பகலுக்குள் முடிகிற பயணம் இது. நோயாளிக்கும் வயோதிபருக்கும் அந்த ஓர் இரவு மிச்சமாவது பெரிய விடயம் என்றே நான் நினைக்கிறேன்.

கொழும்புப் பயணத்தில் என் கருத்து வேறு. இரத்மலானை வரை பறப்பதில், வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டியவருக்குப் பெரிய ஆதாயமில்லை. அங்கிருந்து கொழும்பு நகரை ஊடறுத்துக் கட்டுநாயக்கவுக்கு வர வேண்டும், புத்தளம் வழியாக வரும் இரவு பஸ்ஸோ நீர்கொழும்பைத் தாண்டியதும் கட்டுநாயக்கவுக்குக் கிட்டவே வந்துவிடுகிறது. எனவே உள்ளூர்ச் சேவை பற்றிப் பேசும் எங்கள் பிரதிநிதிகள், பலாலியிலிருந்து நேரே கட்டுநாயக்கவுக்கு, அங்கிருந்து வெளிநாடு புறப்படும் விமானங்களின் நேரத்துக்குப் பொருந்தும்படி ஒரு சேவையைக் கேட்க வேண்டும்.